வளாகத் தேர்வா, பயிற்சிப்பணியா, நேரடி விண்ணப்பமா, அறிமுகமா: முதல் வேலைக்கான நான்கு வழிகள்

கல்லூரியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் இருக்கும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வருகிறது. "வளாகத் தேர்வுக்குத் தயாராவதா, விடுமுறையில் இன்டர்ன்ஷிப் போவதா? வெளியே விண்ணப்பித்தால் பதிலே வருவதில்லை. தெரிந்தவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது." முதல் வேலைக்குப் போகும் நான்கு வழிகளும் இந்தச் சில வரிகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வேலை கிடைத்த சீனியர் ஒவ்வொருவரும் தாம் வந்த வழியையே சிறந்த வழி என்று சொல்கிறார். அதே வழியில் முயன்று கிடைக்காமல் போனவர்கள் யாரும் வந்து பேசுவதில்லை என்பதால், கேட்பவர்களுக்குக் குழப்பமே மிஞ்சுகிறது. எனவே வெற்றிக்கதைகளை ஒதுக்கிவிட்டு, நான்கு வழிகளையும் ஒரே அளவுகோல்களால் அளந்து பார்ப்பதற்கு இக்கட்டுரையில் முயல்கிறேன்.

## அளவுகோல்கள்

முதலாவது, நேரம். ஒரு வழி எத்தனை மணி நேரத்தைக் கேட்கிறது என்பதோடு, அந்த நேரத்தை எந்தப் பருவத்தில் கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தேர்வு மாதத்தில் கேட்கப்படும் பத்து மணி நேரமும் விடுமுறையில் கேட்கப்படும் பத்து மணி நேரமும் ஒன்றாகா.

இரண்டாவது, ஒருவரையொருவர் பார்க்கும் வாய்ப்பு. வேலை தருபவர் உங்கள் வேலையை எவ்வளவு நேரில் பார்க்கிறார், நீங்கள் அந்த இடத்தை எவ்வளவு பார்க்கிறீர்கள் என்பதே இது. ஆள் தேர்வு முறைகளைப் பற்றிய 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் ஆகிய உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட கட்டுரை, ஒருவரை உண்மையான வேலையைச் செய்ய வைத்துப் பார்ப்பது அவருடைய பிற்காலத் திறனை நன்கு முன்னறிவிக்கிறது என்றும், படித்த ஆண்டுகளின் எண்ணிக்கை மிகக் குறைவாகவே முன்னறிவிக்கிறது என்றும் கண்டது. 2022-இல் வெளியான மறுஆய்வு அக்கட்டுரையின் மதிப்பீடுகளில் பலவற்றைக் கீழே இறக்கியது. ஆனாலும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு மதிப்பெண் இடும் நேர்காணல் அதிலும் முன்வரிசையிலேயே நின்றது. அரட்டைபோல் நடக்கும் நேர்காணலை வைத்து உங்களைத் தேர்ந்தெடுத்தாலும் நிராகரித்தாலும், உங்கள் திறனைப் பற்றி அது சொல்வது குறைவு என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, மறுக்கும் சுதந்திரம். கிடைத்த வேலை பிடிக்கவில்லை என்றால் எந்த இழப்பும் இல்லாமல் "வேண்டாம்" என்று சொல்ல முடிகிறதா?

நான்காவதுக்கே நான் அதிக எடை தருகிறேன்: அந்த வழி தோற்றால் கையில் என்ன மிஞ்சும்? முதல் வேலைத் தேடலில் பெரும்பாலான முயற்சிகள் தோற்கவே செய்யும். ஆறு மாதம் உழைத்து வேலை கிடைக்காத ஒருவரிடம் ஒரு திறமையோ, செய்து முடித்த ஒரு வேலையோ, தொலைபேசியில் அழைத்துப் பேசக்கூடிய ஒரு மனிதரோ மிஞ்சினால் அந்த ஆறு மாதம் வீணாகவில்லை.

சம்பளத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது கிடைக்கும் வேலையைப் பொறுத்தது. வேலைக்குப் போகும் வழியைப் பொறுத்தது அன்று.

## வளாகத் தேர்வு

இந்த வழியின் பெரிய பலம், நிறுவனமே உங்களைத் தேடி வருகிறது என்பது. போட்டி உங்கள் கல்லூரி அளவில் சுருங்கிவிடுகிறது; விண்ணப்பத்தை யாரோ ஒருவர் படிப்பது உறுதியாகிறது; எழுத்துத் தேர்வு, குழு விவாதம், துறைசார் நேர்காணல், மனிதவள நேர்காணல் எல்லாம் சில நாட்களுக்குள் முடிந்துவிடுகின்றன. குடும்பத்தின் வருமானத்துக்கு உங்கள் சம்பளம் உடனே தேவை என்றால், இதைவிட வேகமான வழி அநேகமாக இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, தேர்வுக்களம் உங்களுடையது அன்று என்பது. கல்லூரிக்கு வரும் நிறுவனங்களிலிருந்து மட்டுமே நீங்கள் தேர்ந்தெடுக்க முடியும். உங்கள் துறையின் முக்கியமான சிறு நிறுவனங்கள் எந்தக் கல்லூரிக்கும் வராமலே இருக்கக்கூடும். மொத்தமாக ஆள் எடுக்கும் இடங்களில், எந்தப் பிரிவில் என்ன வேலை என்பது சேர்ந்த பிறகுதான் தெரியவரும். ஒரு வேலை கிடைத்துவிட்டால் அடுத்த நிறுவனத்தின் தேர்வில் உட்காரக் கூடாது என்ற விதி பல கல்லூரிகளில் இருப்பதால், முதல் வாரத்தில் வந்த சுமாரான வாய்ப்பு மூன்றாம் வாரத்தில் வரப்போகும் நல்ல வாய்ப்பின் கதவை அடைத்துவிடுகிறது. இந்த விதியை நான்காம் ஆண்டில் தெரிந்துகொள்பவர்களே அதிகம். இரண்டாம் ஆண்டிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"எந்த வேலையாவது முதலில் பிடி, பிறகு மாறிக்கொள்ளலாம்" என்ற அறிவுரையையும் இங்கே சோதித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் கற்பனை விண்ணப்பங்களை உண்மையான வேலை அறிவிப்புகளுக்கு அனுப்பிச் செய்த சோதனை ஒன்றின் முடிவு 2017-இல் வெளியானது. புதிய பட்டதாரிகளில், பட்டமே தேவைப்படாத வேலையில் இருப்பவராகக் காட்டப்பட்டவர்களுக்கு, பட்டத்துக்கு ஏற்ற வேலையில் இருப்பவர்களைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாகவே நேர்காணல் அழைப்பு வந்தது. வேலையின்றி இருந்த இடைவெளி தெரிந்த விண்ணப்பங்களுக்கு அப்படிப்பட்ட குறைவு தென்படவில்லை. ஒரு நாட்டின் ஒரு சோதனையை எல்லா இடத்துக்கும் பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும், சில மாத இடைவெளிக்கு அஞ்சி, படிப்போடு எந்தத் தொடர்பும் இல்லாத வேலைக்குக் கையெழுத்திடுவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பணி நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் சம்பளத் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். உட்கார்ந்து, பென்சிலை எடுத்து ஐந்து இடங்களில் கோடிடுங்கள். மாதந்தோறும் உறுதியாக வரும் தொகை எவ்வளவு, ஊக்கத்தொகையாகவும் சேரும்போது மட்டும் கிடைக்கும் போனஸாகவும் காட்டப்பட்டிருப்பது எவ்வளவு என்பது முதல் இடம். சேரும் தேதி எழுதப்பட்டிருக்கிறதா, "பின்னர் தெரிவிக்கப்படும்" என்று விடப்பட்டிருக்கிறதா என்பது இரண்டாவது. குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்டு உண்டா என்பது மூன்றாவது. விலகுவதற்கு எத்தனை நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்ற நோட்டீஸ் காலம் நான்காவது. வேலையின் பெயரும் பிரிவும் குறிக்கப்பட்டுள்ளனவா என்பது ஐந்தாவது. தேதி குறிக்கப்படாத கடிதத்தை நம்பி மற்ற முயற்சிகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, அழைப்புக்காக மாதக்கணக்கில் வீட்டில் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாதங்கள் அவர்களை உள்ளுக்குள் எவ்வளவு அரித்தன என்பதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

தோற்றால் மிஞ்சுவது இந்த வழியில் மிகக் குறைவு. ஆப்டிட்யூட் கணக்குகளில் கிடைத்த வேகம் அடுத்த ஆப்டிட்யூட் தேர்வுக்கு மட்டுமே உதவும். துறைசார் நேர்காணலுக்குப் படித்தது மட்டும் நிலைக்கும்.

## பயிற்சிப்பணி

படிப்பையும் வேலையையும் மாறி மாறி வைக்கும் முறை புதிதன்று. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906-இல் 27 பொறியியல் மாணவர்களோடு இதைத் தொடங்கினார். வகுப்பறையில் கற்பிக்க முடியாதவை தொழிற்கூடத்தில்தான் கிடைக்கும் என்பது அவருடைய வாதம். இன்றைய இன்டர்ன்ஷிப் அந்த எண்ணத்தின் வழியில் வந்ததுதான்.

இரண்டாம் அளவுகோலில் இதற்கு இணையான வழி வேறில்லை. எட்டு வாரம் உங்கள் வேலையை அவர்கள் பார்க்கிறார்கள். அவர்கள் தவறுகளை எப்படிக் கையாள்கிறார்கள், மாலை ஆறு மணிக்கு மேல் யார் யார் இருக்கையில் இருக்கிறார்கள், கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிறார்களா என்பதையெல்லாம் நீங்கள் பார்க்கிறீர்கள். வேறு நிறுவனத்துக்குப் போகும்போதும் இது பயன்படுகிறது. ஏறத்தாழ 9,400 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த மற்றோர் அமெரிக்க ஆய்வில், 2016-இல் வெளியான முடிவின்படி, பயிற்சிப்பணி அனுபவம் குறிப்பிடப்பட்ட விண்ணப்பங்களுக்கு நேர்காணல் அழைப்பு சுமார் 14 விழுக்காடு கூடியது. வணிகத் துறை வேலைகளுக்கு வணிகப் பட்டம் வைத்திருந்தது அத்தகைய கூடுதலைத் தரவில்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கினோம் என்று வருந்திக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு இது ஆறுதலான செய்தி.

மறைந்திருக்கும் செலவு, ஊதியமின்மை. சம்பளமில்லாத பயிற்சிப்பணியில் போக்குவரத்தும் தங்குமிடமும் உங்கள் பணம். அந்த மாதங்களில் வேறு வேலை செய்து ஈட்டியிருக்கக்கூடிய தொகையும் உங்கள் இழப்பு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு எளிதாகவும் மற்றவர்களுக்கு எட்டாததாகவும் இந்த வழி இருப்பது நியாயமில்லை. உங்களால் தாங்க முடியாத செலவு என்றால் மறுப்பதில் எந்தக் குறையும் இல்லை. பேராசிரியரின் ஆய்வில் உதவுவதும், ஒரு சிறு தொண்டு அமைப்பின் கணக்கைச் சீராக்கித் தருவதும், ஊதியம் தரும் பகுதிநேர வேலையில் பொறுப்பை வளர்த்துக்கொள்வதும் விண்ணப்பத்தில் அதே இடத்தை நிரப்பக்கூடியவை.

இரண்டாவது ஆபத்து, வெறும் சான்றிதழுக்காக நடத்தப்படும் பயிற்சிப்பணி. சேர்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் வேலையை மேற்பார்வையிடப் போகிறவர் யார்? சென்ற முறை பயிற்சிப்பணிக்கு வந்த மாணவர்கள் எதைச் செய்து முடித்தார்கள்? அவர்களில் யாரையாவது பணியில் சேர்த்துக்கொண்டீர்களா? நேர்மையான இடத்தில் இந்தக் கேள்விகளுக்கு உடனே பதில் வரும். மழுப்பினால், அங்கே உங்களுக்கென்று வேலை எதையும் யாரும் யோசித்து வைக்கவில்லை என்று பொருள். பயிற்சிக்கு உங்களிடமே பணம் கேட்டால் அது வகுப்பு. அதை இன்டர்ன்ஷிப் என்று கணக்கில் வைக்காதீர்கள்.

சேர்ந்த பிறகு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: இந்த வாரம் என்ன செய்தேன், எதில் தடுமாறினேன், யாரிடம் கற்றேன். எட்டு வாரத்தில் இருபத்து நான்கு வரிகள் சேரும். ஓராண்டு கழித்து நேர்காணலில் "ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள்" என்று கேட்கும்போது நினைவு கைவிட்டாலும் இந்த நோட்டு கைவிடாது.

## நேரடி விண்ணப்பம்

வேலைவாய்ப்புத் தளங்களின் வழியாகவோ நிறுவனத்தின் இணையதளத்திலோ தாமே விண்ணப்பிப்பது எல்லோருக்கும் திறந்திருக்கும் வழி. கல்லூரியின் பெயரோ உறவினர்களோ தேவையில்லை. அதனாலேயே கூட்டமும் மிகுதி. ஒரே சொடுக்கில் விண்ணப்பிக்கும் வசதி உங்களுக்கு வேலையைக் குறைத்ததுபோல் மற்ற எல்லோருக்கும் குறைத்துவிட்டது. நூறு இடங்களுக்கு ஒரே சுயவிவரத்தை அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று மனம் உடைவதே இந்த வழியின் மறைமுகச் செலவு. அந்த மௌனத்தை உங்கள் தகுதியின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல விண்ணப்பங்களை எந்த மனிதரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பத்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கி எழுதுவதே என் பரிந்துரை. "குழுவாகச் செயல்படும் திறன் உடையவன்" என்ற வரி யாருக்கும் எதையும் சொல்வதில்லை. அதே மாணவர் இப்படி எழுதலாம்: "துறை நூலகத்தின் 1,200 புத்தகங்களுக்கான கையெழுத்துப் பதிவேட்டை, மூவர் குழுவாக ஆறு வாரத்தில் எக்செல் அட்டவணையாக மாற்றினோம், இரட்டைப் பதிவுகளைக் கண்டறியும் சூத்திரத்தை எழுதியது நான்." எண்ணிக்கை, காலம், தன் பங்கு ஆகிய மூன்றும் இருப்பதால் நேர்காணல் செய்பவருக்குக் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைக்கிறது.

நேர்காணலுக்கோ பணியில் சேரவோ முன்பணம் கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

## அறிமுகங்கள்

சிபாரிசு என்ற சொல்லுக்கு நம்மிடையே நல்ல பெயர் இல்லை. தகுதியில்லாதவர் செல்வாக்கால் நுழைவது என்ற பொருள் அதில் படிந்துவிட்டதால், நேர்மையான மாணவர்களே இந்த வழியை ஒதுக்கிவிடுகிறார்கள். நான் இங்கே சொல்வது தகவல் கேட்பதைத்தான். எங்கே இடம் காலியாகிறது, அங்கே உண்மையில் என்ன வேலை என்பவற்றை உள்ளே இருப்பவரிடம் கேட்டறிவதில் யாருடைய இடத்தையும் யாரும் பறிப்பதில்லை.

யாரிடம் கேட்பது என்பதற்கு நல்ல ஆய்வுகள் உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த நியூட்டனில் அண்மையில் வேலை மாறியிருந்தவர்களை விசாரித்து 1973-இல் எழுதிய கட்டுரையில், அறிமுகம் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே தாம் அடிக்கடி சந்திப்பவரிடமிருந்து அந்தத் தகவலைப் பெற்றிருந்தனர். 55.6 விழுக்காட்டினருக்கு அது எப்போதாவது சந்திப்பவரிடமிருந்தும், 27.8 விழுக்காட்டினருக்கு அரிதாகச் சந்திப்பவரிடமிருந்தும் வந்தது. காரணம் எளியது: நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது அநேகமாக உங்களுக்கும் தெரிந்திருக்கும். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரிடம் ஐந்தாண்டுகள் நடந்த சோதனையின் முடிவு 2022-இல் வெளியானபோது, ஓரளவு மட்டுமே தெரிந்த அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்பது மீண்டும் உறுதிப்பட்டது. பெயரளவுக்கு மட்டுமே தொடர்பில் இருந்தவர்களும் மிக நெருங்கியவர்களும் அந்த அளவுக்கு உதவவில்லை. மாணவருக்கு இந்த "ஓரளவு தெரிந்தவர்" யார்? இரண்டு மூன்று ஆண்டு முன்பு படித்து முடித்த சீனியர், பயிற்சிப்பணியில் பக்கத்து மேசையில் இருந்தவர், விருந்தினர் உரையாற்ற வந்தவர்.

கேட்கும் விதம் முக்கியம். "அண்ணா, உங்கள் கம்பெனியில் வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினால், பெறுபவருக்கு "சரி, சொல்கிறேன்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இதை ஒப்பிட்டுப் பாருங்கள்: "வணக்கம் அக்கா. நம் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் தரவுப் பகுப்பாய்வுப் பிரிவில் இருப்பதாகப் பேராசிரியர் சொன்னார். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் மூன்று மாதம் உங்கள் குழுவில் என்ன வேலை தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்த வாரம் பத்து நிமிடம் பேச முடியுமா?" இதில் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது, மறுப்பதும் அவருக்கு எளிது. பேசி முடித்த பின், அவர் சொன்ன ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு, அதைப் பற்றி இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பலர் தவறவிடுவது இந்த இரண்டாம் மடலைத்தான்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு இந்த வழி தொடக்கத்தில் கடினம். அவர்களுக்குப் பயிற்சிப்பணியும் கல்லூரியின் முன்னாள் மாணவர் பட்டியலும் தொடக்கப்புள்ளிகள். மற்றொரு செலவும் உண்டு: ஒருவர் தம் பெயரைப் பணயம் வைத்து உங்களைப் பரிந்துரைத்த பிறகு அந்த வேலையை மறுப்பது சங்கடம். ஆகவே பரிந்துரைக்கு முன்பே வேலையைப் பற்றிக் கேட்டுத் தெளிந்துவிட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வளாகத் தேர்வு | பயிற்சிப்பணி | நேரடி விண்ணப்பம் | அறிமுகங்கள் |
|---|---|---|---|---|
| நேரம் | கடைசி ஆண்டில் குவியும் | ஒரு முழு விடுமுறை | வாரந்தோறும் சில மணி நேரம் | குறைவு. ஆனால் ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும் |
| ஒருவரையொருவர் பார்த்தல் | மிகக் குறைவு | மிக அதிகம் | குறைவு | நீங்கள் அவர்களைப் பார்ப்பது அதிகம் |
| மறுக்கும் சுதந்திரம் | விதிகளால் கட்டுப்பட்டது | அதிகம் | முழுமையானது | பரிந்துரைக்குப் பின் குறையும் |
| தோற்றால் மிஞ்சுவது | துறைசார் படிப்பு மட்டும் | அனுபவம், மனிதர்கள் | கூர்மையான சுயவிவரம் | மனிதர்கள், தகவல் |
| மறைமுகச் செலவு | பாண்டு, காத்திருப்பு | ஊதிய இழப்பு | மனச்சோர்வு, மோசடி | நன்றிக்கடன் |

## யாருக்கு எது

இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ இருப்பவருக்கு, பணம் தடையாக இல்லாத பட்சத்தில், பயிற்சிப்பணியையே முதலில் வைப்பேன். அது நான்காம் அளவுகோலில் மற்ற மூன்றையும் விஞ்சுகிறது, அறிமுகங்களையும் உடன் கொண்டுவருகிறது. விண்ணப்பங்கள் விடுமுறைக்குப் பல மாதங்கள் முன்பே திறந்து மூடிவிடுவதால், தேர்வு முடிந்தபின் தேடத் தொடங்கினால் மிஞ்சிய இடங்களே கிடைக்கும்.

கடைசி ஆண்டில் இருந்து, நிறுவனங்கள் கேட்கும் குறைந்தபட்ச மதிப்பெண்ணான கட் ஆஃபைத் தாண்டியிருந்து, வருமானம் உடனே தேவைப்படுபவர் வளாகத் தேர்வுக்கே தம் நேரத்தில் பெரும்பகுதியைத் தர வேண்டும். கட் ஆஃபுக்குக் கீழே இருப்பவர் அந்த வாசலில் நின்று ஆண்டை இழக்க வேண்டாம். மதிப்பெண்ணை முதலில் கேட்காத வழிகள் அறிமுகமும், செய்து முடித்த வேலையைக் காட்டும் நேரடி விண்ணப்பமும்தான். படித்த துறையை விட்டு வேறு துறைக்கு மாற நினைப்பவருக்கும், குறுகிய சிறப்புத் துறையில் இருப்பவருக்கும் இவ்விரண்டுமே பொருந்தும்.

பொருளாதாரம் சரிந்த ஆண்டில் பட்டம் பெறுபவர்களின் நிலை தனியானது. கனடாவின் பட்டதாரிகளைப் பற்றி 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, அத்தகைய ஆண்டில் வெளிவந்தவர்களின் வருமானம் தொடக்கத்தில் சுமார் 9 விழுக்காடு குறைந்திருந்ததையும், அந்தக் குறை ஐந்தாண்டில் பாதியாகிப் பத்தாண்டுக்குள் மறைந்ததையும், மேலான நிறுவனங்களுக்கு மாறியதே அந்த மீட்சிக்கு ஒரு முக்கியக் காரணம் என்பதையும் கண்டது. அப்படிப்பட்ட ஆண்டில் துறைக்குள் கிடைக்கும் சிறிய நிறுவனத்தின் வேலையை ஏற்கலாம். ஆனால் மாறுவதைத் தடுக்கும் நீண்ட பாண்டில் மட்டும் கையெழுத்திட வேண்டாம். வேலை கிடைக்காததால் மட்டுமே மேற்படிப்பில் சேர்வதை நான் ஐந்தாம் வழியாகக் கணக்கில் எடுக்கவில்லை. இதே கேள்வி இரண்டு ஆண்டு கழித்துக் கல்விக்கடனோடு திரும்பி வரும்.

இறுதித் தேர்வுக்கு மூன்று மாதமே இருக்கிறது, கையில் எதுவும் இல்லை என்பவர்கள் இன்று மாலையே ஒரு தாளில் ஓரளவு மட்டுமே பழகிய இருபது பேரின் பெயர்களை எழுதுங்கள். அவர்களில் இரண்டு ஆண்டுக்கு முன் உங்கள் துறையில் படித்து முடித்தவருக்கு முதல் மடலை அனுப்புங்கள். நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நின்ற நினைவு அவருக்கு இன்னும் மங்கியிருக்காது.